எட்டே அதிகம்

சீசனின் கடைசி ஞாயிறு. ஜெயித்தால் கோப்பை. ஆவணி முகூர்த்த நாள் என்பதால் எட்டுப் பேராகத்தான் தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் இறங்கினோம்.

இதைக் குறை என்பவர்களுக்குக் கிரிக்கெட் தெரியாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் பதினொன்றுக்குக் குறைவாகவும் ஆடலாம் என்று முதல் விதியே சொல்கிறது. 1976 கிங்ஸ்டன் டெஸ்ட்டில் இந்தியாவே ஐந்து பேர் பேட் பிடிக்க வராமல் 97 ரன்னில் கடையைக் கட்டியது. அங்கே காயம், இங்கே சீமந்தம், காதுகுத்து, கட்டைவிரல் வலி. (முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் 'கண்டிப்பா வர்றேன்' என்று உயர்த்திக் காட்டிய அதே கட்டைவிரல்.)

லாபத்தைப் பாருங்கள். யார் ஓப்பனிங் என்ற சண்டை இல்லை. தேர்ட் மேனில் ஆளே இல்லை, அதனால் அங்கே கேட்ச் கோட்டைவிடவும் இல்லை. ஒரே நேரத்தில் பல மேட்ச் நடக்கும் புண்ணிய பூமி அது. பக்கத்து மேட்ச்சின் மிட்-ஆன் எங்களுக்காக இரண்டு பவுண்டரியைத் தடுத்துக் கொடுத்தார். கேப்டன் தானே பந்து போட்டு, தானே கவர்ஸுக்கு ஓடிப் பொறுக்கி, தானே தன்னைத் திட்டிக்கொண்டார். என்ன ஒற்றுமை! அடுத்த வருடம் அவர் மட்டும் வந்தால் ஷேர் ஆட்டோ காசும் மிச்சம்.

கடைசிப் பந்தில் தோற்றோம். வின்னிங் ஷாட் அடித்தவன் தொப்பியைக் கழற்றியதும்தான் தெரிந்தது, காதுகுத்துக்குப் போனவன்.

"இவங்க டீம்ல மத்தியானம் பிரியாணி, மச்சி."