முத்திரையிலிருந்து எழுத்துக்கு

அமெரிக்கா வந்த புதிதில், நடு இரவில் தொலைக்காட்சியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் படங்களை விடாமல் பார்ப்பேன். அந்தப் படங்களில் கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில் படுத்திருப்பார்கள். தப்பு செய்தவன் படம் முடிவதற்குள் சாவான் அல்லது பிடிபடுவான். அந்தக் கால மக்கள் அவ்வளவு ஒழுக்கமானவர்கள் போலிருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

அது மக்களின் ஒழுக்கமல்ல, ஓர் அலுவலகத்தின் வேலை. சினிமா வெறும் வியாபாரம், பேச்சுரிமை அதற்குப் பொருந்தாது என்று 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பலத்தில் மாநிலங்களும் நகரங்களும் ஆளுக்கொரு தணிக்கை வாரியம் வைத்து வெட்டின. அரசாங்கத்துக்குப் பயந்த ஸ்டூடியோக்கள், தங்களுக்குத் தாங்களே காவல் போட்டுக்கொண்டன. 1922இல் தபால் துறைத் தலைவராக இருந்த வில் ஹேஸைக் கொண்டுவந்து உட்காரவைத்தன. 1930இல் விதிகள் எழுதப்பட்டன. எழுதியவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியார். 1934இல் கத்தோலிக்கர்கள் படங்களைப் புறக்கணிப்போம் என்று கிளம்பியதும் ஜோசப் பிரீன் பொறுப்புக்கு வந்தார். அவருடைய முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம்.

முத்தம் நீளக் கூடாது என்ற கட்டுப்பாட்டை நல்ல இயக்குநர்கள் சமாளித்துவிட்டார்கள். 'நொட்டோரியஸ்' படத்தில் ஹிட்ச்காக், முத்தத்தை விட்டு விட்டுத் தொடரவைத்து, நடுநடுவே பேச்சை நுழைத்துக் காரியத்தை முடித்தார். அந்தக் காட்சி இன்றைக்கும் சூடாக இருக்கிறது. ஆகவே முத்தங்களுக்காக எனக்குப் பெரிய வருத்தமில்லை.

என்னை உலுக்கியது வேறொரு விதி. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே காதலைக் காட்டக் கூடாது என்று அந்த விதித்தொகுப்பு எழுத்திலேயே சொன்னது. நடைமுறையில் அது ஆசியர்கள் மீதும் பாய்ந்தது. லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்து வளர்ந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங், 'தி குட் எர்த்' படத்தில் சீன விவசாயியின் மனைவி வேடத்துக்கு ஏங்கினார். கணவனாக நடிக்கப் பால் முனி என்ற வெள்ளையரை எடுத்துவிட்டதால், பக்கத்தில் உண்மையான சீனப் பெண்ணுக்கு இடமில்லாமல் போனது. ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர் ஒப்பனை போட்டுச் சீனப் பெண்ணாக நடித்து ஆஸ்கரும் வாங்கினார். வெட்டிய ரீலையாவது என்றைக்காவது தேடி ஒட்டலாம். நடிக்கவே விடாத வேடத்தை எங்கே போய்த் தேடுவது? ஆசிய முகமுள்ள பிள்ளையை இங்கே வளர்த்த எனக்கு இது பழங்கதையாகத் தோன்றவில்லை.

1952இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றி, சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்றது. பிரீனின் முத்திரையும் மெல்ல மெல்ல மதிப்பிழந்தது. 1968 நவம்பர் 1 முதல் வெட்டுவதற்குப் பதில், யார் பார்க்கலாம் என்று சொல்லும் எழுத்து போடும் முறையை ஸ்டூடியோக்களின் சங்கத் தலைவர் ஜாக் வாலெண்டி கொண்டுவந்தார். பெரியவர்களுக்கு மட்டும் என்னும் எக்ஸ் எழுத்தை வாங்கிய 'மிட்நைட் கௌபாய்' மறு வருடமே வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கரைத் தட்டிச் சென்றது. 1984இல், இதயத்தைப் பிடுங்கும் இண்டியானா ஜோன்ஸ் படம் கிளப்பிய கூச்சலுக்குப் பிறகு, பதின்மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 பிறந்தது. இப்போது எழுத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் குழு ஒன்று. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் வெளியே தெரியாது.

வெட்டுவதைவிட எச்சரிப்பது மேல் என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் எதை எச்சரிக்கிறார்கள்?

2010இல் என் மகனுக்குப் பதினான்கு வயது. சிறு வயதிலிருந்தே அவனுக்குத் திக்குவாய். 'அயர்ன் மேன் 2' பார்க்கத் தனியாகவே போகலாம், பிஜி-13. திக்கித் திக்கிப் பேசும் மன்னர் ஆறாம் ஜார்ஜின் கதையான 'தி கிங்ஸ் ஸ்பீச்' படமோ ஆர். பெரியவர்கள் கூட வர வேண்டும். காரணம், பேச்சுப் பயிற்சியின்போது நாக்கு இளகட்டும் என்று மன்னர் கெட்ட வார்த்தைகளை வரிசையாகக் கொட்டுகிறார். அவற்றில் ஒன்றான 'எஃப்' வார்த்தை ஒரு தடவை வந்தால் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் போனால் பொதுவாக ஆர்தான். எதற்காக, யார், எந்த வலியில் சொன்னார் என்பது கணக்கில் வரவில்லை. பிரிட்டனில் மேல்முறையீட்டுக்குப் பிறகு அதே படத்தை, பேச்சுப் பயிற்சி என்ற சூழலைக் கருதி, பெரியவர் துணையில்லாமலே பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பார்க்க அனுமதித்தார்கள்.

நான் மகனை அழைத்துப் போனேன். அந்தக் காட்சியில் அவன் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவனுடைய நண்பன் வீட்டில் ஆர் என்றால் முடியாது. 2011 ஏப்ரலில் அந்த வார்த்தைகளில் சிலவற்றின் ஒலியை அடைத்து, பிஜி-13 பிரதி ஒன்றை வெளியிட்டார்கள். நண்பன் பார்த்தது அதைத்தான். மன்னருக்கு எந்த இடத்தில் வாய் திறந்தது என்பதை என் மகன்தான் அவனுக்குச் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது.