காலுக்கு அரை, முக்காலுக்கு முழுசு

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6.5 வாங்கியிருக்கிறேன். நான் பாஸா, ஃபெயிலா?
– ஒரு வாசகர், கோவை

உங்களிடம் 7 கேட்கிற பல்கலைக்கழகமா, 6 கேட்கிற பல்கலைக்கழகமா? அந்தத் தேர்வில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. 0 முதல் 9 வரை ஒரு எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒரே மார்க்கோடு ஒரு வாசலில் ஜெயித்து, அடுத்த வாசலில் தோற்கலாம். நம் கட்சிகளின் கூட்டணிப் பேச்சுவார்த்தை மாதிரி.

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கின் சராசரி 6.25. சான்றிதழில் 6.5 இருக்கிறதே, தவறா?
– ஒரு வாசகி, திருச்சி

சத்தம் போடாதீர்கள்! கால் வந்தால் அரையாக்குவார்கள், முக்கால் வந்தால் முழுசாக்குவார்கள். விதியே அதுதான். 6.125 வாங்கியவர்தான் பாவம், அவருக்கு வெறும் 6.

ஆனால் ஒன்று: பல கல்லூரிகள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வரம்பு வைத்திருக்கின்றன. எழுத்தில் 5.5 என்றால் மொத்தம் 7 இருந்தும் கதவு திறக்காமல் போகலாம்.

0 யாருக்குக் கிடைக்கும்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ஒரு கேள்விக்கும் விடை எழுதாதவருக்கு. உதிரியாக நாலு ஆங்கில வார்த்தை தெரிந்தவருக்கே 1 உண்டு. அவ்வளவு கட்டணம் கட்டிவிட்டு 0 வாங்க வைராக்கியம் வேண்டும் சார்!