நிற்றலியல்: டீ குடித்தால் கிளம்பும் கார்களைப் பற்றி ஓர் ஆய்வு

செங்கல்பட்டு மாவட்டத்தில் வாகனம் நிற்பது புதிய வழக்கன்று. மாமல்லபுரத்து ஐந்து ரதங்கள் ஏழாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. இன்றுவரை ஓரடி நகர்ந்ததில்லை. சற்றுத் தள்ளி, சரிவில் நிற்கும் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்ற பாறையை 1908இல் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தள்ளினால் கிளம்பும் என்ற கோட்பாட்டுக்கு இதுவே முதல் மறுப்பு.

இடைக்காலச் சான்றுகளை விரைந்து கடப்போம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் 1961 முதல் வண்டலூர் ஆலையில் உருவானது. 948 சிசி இன்ஜின். மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடல். நாலு கதவு வைத்தது மட்டும் நம்மவர் கைங்கரியம். அந்த ஆலை 1988இல் நின்றது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் நின்றது. அவை நின்ற காரணம் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தள்ள ஆள் போதவில்லை என்பதோடு விட்டுவிடலாம்.

இனி ஆய்வுப்பொருள். கோவளம் பக்கம் கடலோரக் கொட்டகையில் சில ஆண்டுகள் உறங்கிய ஹெரால்டு ஒன்றை எழுப்புகிறார்கள் என்று கொள்க. புது பேட்டரி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், சோக்கை இழுத்து ஸ்டார்ட். மாமல்லபுரம் தாண்டித் திருக்கழுக்குன்றம் சாலையில் ராஜநடை. திடீரென்று இரண்டு விக்கல், வண்டி நின்றுவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை.

இவ்விடத்தில் சாலையோரத்தார் வைணவரைப் போல இரு கலைகளாகப் பிரிவர். வடகலையார் குரங்குக்குட்டிக் கொள்கையினர்: தாயைக் குட்டிதான் பற்றிக்கொள்ள வேண்டும், எனவே "இறங்கித் தள்ளுங்க சார், செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்ச விடுங்க." தென்கலையார் பூனைக்குட்டிக் கொள்கையினர்: கவ்விப் போவது தாயின் பொறுப்பு, எனவே "டோயிங் வண்டிக்குப் போன் போடுங்க." இரு கலையும் ஒன்றுபடும் இடம் எதிரே உள்ள டீக்கடை.

நிற்றலியலின் பெரும்புதிர் இங்குதான் தொடங்குகிறது. அரைமணி கழித்து வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடுகிறது! பத்து நிமிடம் ஓடி மறுபடி நிற்கிறது. மறுபடி டீ.

டீ ஏன் வேலை செய்கிறது? மூன்று விளக்கங்கள் உண்டு. மூன்றுமே சரி என்பதுதான் சிக்கல். முதலாவது, டேங்க் மூச்சுத்திணறல். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். மூடியிலோ குழாயிலோ உள்ள மூச்சுத்துளையைத் துரு அடைத்திருக்கும். அல்லது குளவி மண் வைத்துக் குடியேறியிருக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. நிறுத்தி வைத்தால் இடுக்குகளில் காற்று மெல்லக் கசிந்து நிலைமை சீராகிவிடும். இரண்டாவது, இன்ஜின் சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டுவது. மெக்கானிக்குகள் இதை ‘ஏர் லாக்’ என்று சொல்லி, பம்பின்மேல் ஈரத்துணி போடுவார்கள். மூன்றாவது, காயிலோ கண்டென்சரோ சூடேறியதும் மயங்கி, ஆறியதும் தெளிவது. ஆக, நோய் எதுவானாலும் அரைமணி நேரம் ஆறவிடுவதே மருந்து. அதனால்தான் டீக்கடையில் சொல்லப்படும் எந்தக் கருத்தும் தோற்பதேயில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல, ஏர் லாக்குன்னு" என்பவரை மறுக்க நம்மிடம் ஆதாரம் கிடையாது. ஆதாரத்தைத்தான் குடித்துவிட்டோமே.

தடயம் இருப்பது வண்டி நின்ற முதல் இரண்டு நிமிடத்தில். உடனே டேங்க் மூடியைத் திறக்க, ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், துளையைக் குத்திவிட்டு ஊர் போய்ச் சேரலாம். சத்தம் வரவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் வயரைக் கழற்றுங்கள். அதன் நுனியை இடுக்கியால் பிடித்து இன்ஜின் இரும்புக்கு அருகே காட்டி, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இல்லாத இடமாக இருக்கட்டும். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் கரண்ட் நிரபராதி. மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலோ, வராமலே போனாலோ, பாயிண்டைத் திறந்து உப்புத்தாளால் தேயுங்கள். உப்புக்காற்றில் சும்மா நின்ற வண்டிக்குப் பாயிண்ட் கறுத்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் கண்டென்சரையும் காயிலையும் மாற்றிப் பாருங்கள். பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போகலாம்.

அங்கே வேறொரு வில்லன் காத்திருக்கிறான். இன்று பங்க்கில் ஊற்றுவது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஹெரால்டின் பழைய ரப்பர் டயாபிராமுக்கு எத்தனாலோடு பழக்கம் கிடையாது. உப்பியோ வெடித்தோ போகும். பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழுவி, டயாபிராமையும் ரப்பர் குழாய்களையும் மாற்றாமல் கொட்டகையை விட்டு வண்டியை எடுப்பவர், எலுமிச்சம்பழத்தை வேண்டுமானால் ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்.

ஆகவே நிற்றலியல் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறவுங்கள், அடுத்து காயில் வயரைக் கழற்றுங்கள். டீ அதற்குப் பிறகு.