கம்பி மாமா

ஊரில் கம்பி நீட்டுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கூப்பிட்ட குரலுக்குக் கம்பியோடு வந்து நிற்பவர்கள்தான் அபூர்வம். கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம், தமிழர் குடியிருக்கும் தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

ரிடையர் ஆனவர். பிள்ளை அமெரிக்காவில், பெண் பெங்களூரில். கையில் யார் கல்யாணத்திலோ கொடுத்த தாம்பூலப் பை; உள்ளே தேங்காய்க்குப் பதில் ஒயர்கள், ஒவ்வொன்றும் வாழை நாரால் கட்டியது.

அவரைத் தேடும் சந்தர்ப்பம் பெரும்பாலும் ஒன்றுதான். மயிலாப்பூரில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். போக முடியாதவர்கள் யூடியூபில் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் மாப்பிள்ளை கட்டைவிரல் உயரம். பெரிய டி.வி.யிலோ ‘நோ சிக்னல்’ என்ற பெட்டி மூலைக்கு மூலை நீந்துகிறது. எட்டரைக்கு மாமா வருவார்.

“ஹோயே ஜாபே” என்பார், செருப்பைக் கழற்றும்போதே. ஆகிவிடும் என்று அர்த்தம். ஆனால் காபி வராமல் ஆகாது. சரித்திரம் முடியாமலும் ஆகாது.

“1975 ஆகஸ்ட் 9. கல்கத்தாவுக்கு தூர்தர்ஷன் வந்த நாள். இந்தத் தெருவில ஆன்டெனா திருப்பினது யாரு?”

பதில் எல்லோருக்கும் தெரியும். அன்று மொட்டை மாடியிலிருந்து “வந்துதா?” என்று கத்தியவர், இன்று டி.வி.க்கும் சுவருக்கும் நடுவே தலையைக் கொடுத்துக்கொண்டு அதையே கேட்கிறார். நாங்களும் அதே “வரலை!”யைச் சொல்கிறோம்.

பழைய லேப்டாப் என்றால் வி.ஜி.ஏ. ஒயர் வெளியே வரும். “பதினஞ்சு பின். படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. ஊமைக் கல்யாணம்.” புதியது என்றால் எச்.டி.எம்.ஐ. “பத்தொன்பது பின். படம், சத்தம் ரெண்டும் ஒரே ஒயர்ல.” சொருகுமுன் முனையில் ஒரு தடவை ஊதுவார். அந்த ஊதலுக்கு விஞ்ஞான ஆதாரம் கேட்டவர்கள் இல்லை.

பிறகு நடப்பது ரகசியம். ஒயர் இரண்டாம் துளையில் இருக்கும், டி.வி. முதல் துளையில் உள்ள செட்டாப் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருக்கும். ரிமோட்டில் சோர்ஸை மாற்றுவார். திரையில் மலையும் ஏரியுமாக ஒரு வால்பேப்பர் வரும், கல்யாணம் வராது. உடனே மேல்துண்டால் கீபோர்டை மறைத்துக்கொண்டு விண்டோஸ் கீயையும் பி-யையும் சேர்த்து அழுத்தி ‘டூப்ளிகேட்’டைப் பிடிப்பார். மேடை வந்துவிடும், ஓரத்தில் மாப்பிள்ளையின் அத்தை பாதியோடு. ஓரங்களை விழுங்குவது குழாய் டி.வி. காலத்திலிருந்து வரும் பழக்கம். பட அளவை மாற்றி அத்தையை முழுசாக மீட்பார். சத்தம் இன்னும் லேப்டாப்பின் வயிற்றிலிருந்தே கேட்டால், ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி அதையும் டி.வி.க்குத் தள்ளுவார். கெட்டிமேளம் முடிந்ததும் ஒயரை உருவி, நாரால் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஒருநாளும் விட்டுப் போனதில்லை.

எத்தனை நாள் இப்படி? காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் சாந்தினி சௌக். அங்கே போய் ஒயர் ஒன்று வாங்கினேன். “சோல்பே தாதா, சோல்பே” என்றார் கடைக்காரர்; ஓடும் என்று அர்த்தம். நன்றாகவே வேலை செய்தது. அடுத்த முகூர்த்தத்துக்கு இரண்டே நிமிஷத்தில் படமும் சத்தமும் வந்துவிட்டன.

எட்டரைக்கு வாசலில் மாமா. யாரும் கூப்பிடவில்லை. “ஒயர் வேண்டியிருக்குமேன்னு...” என்றவர், ஓடிக்கொண்டிருந்த டி.வி.யைப் பார்த்தார். பை கொஞ்சம் பின்னால் போனது.

என் மனைவியின் கை ரிமோட்டைத் தொட்டதை நான் கவனிக்கவில்லை. நாதஸ்வரம் சட்டென்று நின்றது.

“நல்ல வேளை வந்தேள் மாமா! சத்தமே வரலை.”

பை முன்னால் வந்தது. காபி வந்தது. 1975 வந்தது. என் ஒயரைக் கத்தரிக்காய் மாதிரி அழுத்திப் பார்த்து, “சொத்தை” என்று தள்ளினார். தன் ஒயரை ஊதினார், சொருகினார், “வந்துதா?” என்றார். நாங்கள் “வரலை!” என்றோம். கால் மணி கழித்துத் தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக மேளம் முழங்கியது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அடுத்த தடவை ஒயரையே உருவிடும்மா. மியூட்டெல்லாம் ரொம்ப ஈஸி.”