வாலைப் பிடிக்க ஆள் இருக்கா?

வாங்கய்யா ஏரோப்ளேன்காரவுகளே, உக்காருங்க. தல்லாகுளம் பெருமாள் கோயில் பக்கம் நெழலுக்குப் பஞ்சமில்ல. டீ சொல்லியாச்சு. காசு நீங்கதான் குடுக்கணும், தேவை உங்களுதுல்ல.

பேரன் நேத்தே சொல்லிப்புட்டான். காலேஜ்ல ஏழு பேரு சங்கம் வச்சு, எஞ்சின் இல்லாத ஏரோப்ளேன், அதான் கிளைடரு, செய்யப் போறீகளாம். அதுக்கு அழகர்கோயில் ரோட்டுல கெடக்குற என் பழைய மாட்டுத் தொழுவம் வேணுமாம். மாட்டை வித்தாச்சு, தொழுவம் சும்மாதான கெடக்குன்னு கணக்குப் போட்டுட்டீக. எஞ்சினுக்குக் காசில்ல, எஞ்சின் இல்லாத வண்டி. எடத்துக்குக் காசில்ல, கெழவன் தொழுவம். வெவரமான பயலுகதான்யா.

மொகத்தைத் தூக்காதீக. இல்லாமையிலதான் இந்தத் தொழிலே வளந்துருக்கு. பேரன் செல்போன்ல பாத்து வாசிச்சான், நான் காதுல வாங்குனேன். மொத உலகச் சண்டையில ஜெர்மனிக்காரன் தோத்தான்ல, 1919ல வெர்சாய் உடன்படிக்கை போட்டு அவன் விமானத்துக்கெல்லாம் மூக்கணாங்கயிறு குத்திப்புட்டாய்ங்க. எஞ்சினுக்குத்தான தடை, றெக்கைக்கு இல்லையேன்னு அங்குட்டு காலேஜ் பயலுக கெளம்பிட்டாய்ங்க. வாய்க்காலை அடைச்சா மடையில கைய வைப்போம்ல நாம, அது கணக்கா.

ஹானோவர்ங்கிற ஊர்ல மாணவர் சங்கம் 1921ல ஒண்ணு செஞ்சிச்சு. பேரு ‘வாம்பயர்’. ரத்தம் குடிக்கிற பேயாம். பிள்ளைக்குப் பேரு வைக்கத் தெரியல, ஆனா வேலை தெரிஞ்சிருக்கு. வாத்தியாரு ஒருத்தரு கூட நின்னாரு, ரயில் பெட்டி செய்யுற பட்டறையில கட்டுனாய்ங்க. அந்தப் பட்டறையைச் சுருக்கி ‘ஹாவா’ன்னு கூப்புடுவாகளாம். உருதுல ஹவான்னா காத்து. சந்தைப்பேட்டை பாயைக் கேட்டா சொல்லுவாரு. காத்தையே நம்பிப் போறவனுக்குப் பட்டறையும் அப்பிடி வாச்சிருக்கு பாருங்க.

எனக்குப் பிடிச்சது வேற. அந்த வண்டிக்குச் சக்கரம் கெடையாது. கால்பந்து! மூணு பந்தை அடியில சொருகி, அது மேலதான் எறங்குவாய்ங்க. நெசமாத்தான்யா, முனிச் நகரத்து மியூசியத்துல அந்த வண்டி இன்னும் இருக்காம். நீங்க வந்தவொடனே என்ன கேட்டீக? “தாத்தா, கார்பன் பைபர் எங்க கெடைக்கும்?” மைதானத்துல பந்து வெளாடுற பயலுக இருப்பாய்ங்க, மொதல்ல அவய்ங்களப் போய்ப் பாருங்க.

1922 ஆகஸ்டுல, நமக்கு ஆவணி பொறந்த கையோட, வாசர்குப்பேங்கிற மலைக்கு வண்டியக் கொண்டுபோனாய்ங்க. 950 மீட்டர் ஒசரம். மார்டென்ஸ்னு ஒருத்தன் ஒரு மணி நேரத்துக்கு மேல அந்தரத்துல நின்னான். மறுநாள் ஹென்ட்சென்னு அவன் கூட்டாளி ரெண்டு மணி நேரம். அப்பறம் அதே மாசத்துலயே மூணு மணி நேரம். எஞ்சின் இல்லாம மூணு மணி நேரம்யா! நம்ம டவுன் பஸ்ஸு எஞ்சினை வச்சுக்கிட்டே கோரிப்பாளையத்துல அம்புட்டு நேரம் நிக்கிது, அது வேற கதை.

சூட்சுமம் என்னன்னு கேட்டா, நம்ம பருந்து செய்யுறதுதான். காத்து வந்து மலையில முட்டுனா எங்க போகும்? மேலதான் ஏறும். ஏறுற காத்துமேல உக்காந்துக்கிட்டா, வண்டி கீழ சறுக்குற வேகமும் காத்து தூக்குற வேகமும் சரிக்குச் சரி. றெக்கைய ஆட்ட வேண்டியதில்ல. இன்னொரு வழியும் இருக்கு. சித்திரை வெயில்ல கட்டாந்தரை கொதிச்சு, சூட்டுக்காத்து கொப்பளிச்சு மேல போகும்ல, பருந்து அதுக்குள்ள புகுந்து வட்டம் போடும். மாடு மேய்க்கையில அம்பது வருசம் அதைத்தான் அண்ணாந்து பாத்தேன். வேலை செய்யாம வானத்தைப் பாக்குறான்னு எங்கப்பன் வஞ்சாரு. ஆராய்ச்சின்னு சொல்லத் தெரியாமப் போச்சு எனக்கு.

ஆனைமலை மேல ஏறிப் பறப்போம்கிறீகளே, ஒத்தக்கடைப் பக்கம் என்னைக்காவது ஒரு நாள் முழுசா உக்காந்து, எந்த மாசம் எந்தத் தெசையில இருந்து காத்து வருதுன்னு பாத்தீகளா? காத்து மலைக்குக் குறுக்க வரணும்யா, கூடவே ஓடுனா தூக்காது. போதாததுக்கு அங்க சமணர் படுக்கை இருக்கு, நரசிங்கம் கோயில் இருக்கு. மலையில ஆணி அடிச்சீகன்னா ஊரே தெரண்டு வந்துரும். நானும் வருவேன்.

அதோட மொத வண்டியே வாம்பயர் மாதிரி வேணும்னு நிக்கிறீக பாருங்க, அதான் எனக்குச் சிரிப்பு. 1926ல லிப்பிஷ்னு ஒருத்தரு படிக்கிற பிள்ளைகளுக்குன்னே ஒண்ணு போட்டாரு. பேரு ‘சோக்லிங்’. சோக்கான பேருன்னு நெனச்சேன், மாணாக்கன்னு அர்த்தமாம். கூடு கெடையாது, கண்ணாடி கெடையாது. கட்டைச் சட்டம், மேல றெக்கை, முன்னால ஒரு பலகை. அதுல ஒத்தையா உக்காரணும், பக்கத்துல வாத்தியார் கெடையாது. மொதல்ல தரையிலயே இழுபடணும், அப்பறம் ஒரு முழம் எழும்பணும், அப்பறந்தான் சரிவு. நாம நொகம் பழக்குறப்ப கன்னுக்குட்டியை நேரா வண்டியிலயா பூட்டுனோம்?

கெளப்புறது எப்பிடித் தெரியுமா? மூக்குல ரப்பர் கயிறு. அதை ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு, கவட்டை மாதிரி அங்குட்டும் இங்குட்டும் இழுத்துக்கிட்டு ஓடணும். பின்னால ஆள் வாலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கயிறு விறைச்சதும் வாலை விடணும், வண்டி கவண்கல்லு மாதிரி போகும். ஜல்லிக்கட்டுல வாலைப் பிடிச்சா வெளிய அனுப்பிருவாய்ங்க; இதுல வாலைப் பிடிக்கலன்னா ஆட்டமே இல்ல. இப்பச் சொல்லுங்க, ஏழு பேர்ல பறக்குறது யாரு? அட, ஏழு கையும் மேல போயிருச்சே! வாலைப் பிடிக்கிறது யாரு? ஏப்பா, செல்போனை உள்ள வச்சிட்டு என்னையப் பாரு.

பேரு யோசிச்சீகளா? ‘தண்டர் பால்கன்’ஆ? வெளங்கிரும். 1950, 60கள்ல நம்ம சர்க்கார் விமானத் துறையிலயே கிளைடர் செஞ்சு நட்சத்திரப் பேரா வச்சாய்ங்க. அசுவினி, ரோகிணி, கார்த்திக்னு. எஸ். ராமாமிர்தம்னு ஒரு இஞ்சினியரு போட்டதுதான் அசுவினியும் ரோகிணியும். ரோகிணி பழகுறவுகளுக்கான வண்டி, வாத்தியாரும் பிள்ளையும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும். சந்திரனுக்கு இருபத்தேழு பொஞ்சாதியில பிரியமானவ பேராப் பாத்து அதுக்கு வச்சிருக்காய்ங்க. இன்னும் எத்தனையோ மிச்சம் கெடக்கு, ஒண்ணை எடுத்துக்கோங்க. கேட்டை மட்டும் வேணாம்.

சரி, படத்தைக் காட்டுங்க. என்னது, இன்னும் வரையலையா? நம்ம ராமேஸ்வரத்துக் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிக்கையில, விமானப் படம் சரியில்லன்னு வாத்தியாரு சீனிவாசன் மூணே நாள்தான் கெடு குடுத்தாரு. முடிக்கலன்னா ஸ்காலர்ஷிப் போயிரும்னாரு. மனுசன் பலகையை விட்டு எந்திரிக்காம முடிச்சாரு. நீங்க மூணு மாசமாச் சங்கத்துக்கு டீசர்ட் அடிச்சிக்கிட்டு இருக்கீகளாம்ல.

தொழுவத்துக்கு வருவோம். வாம்பயர் றெக்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 12.6 மீட்டர், நாப்பத்தோரு அடி. என் தொழுவம் இருபத்தெட்டு அடி. அதைக் கேக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. றெக்கையைக் கழட்டி மாட்டுற மாதிரி செய்யுங்க, இல்லன்னா தொழுவத்தைப் பிரிச்சுத்தான் வண்டிய வெளிய எடுக்கணும். பிரிச்சா கூரையை நீங்கதான் மேயணும், தெரியுமா மேய?

இந்தாங்க சாவி. உள்ள பழைய சாணி கெடக்கும், மொதல்ல அதை அள்ளுங்க. நாலு கூடை வரும், என் மக வீட்டு ரோசாச் செடிக்கு வேணும்.