சங்கனும் பதுமனும் என் காரும்

சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்னும் நாகராஜர்கள் இருவர் வழக்காடினார்கள் என்பதும், கோமதியம்மை தபசிருக்க, இறைவன் ஒரு பாதி அரனும் மறுபாதி அரியுமான சங்கரநாராயணராகக் காட்சி தந்து விவகாரத்தைத் தீர்த்துவைத்தான் என்பதும் எங்கள் சங்கரன்கோவிலில் தொட்டில் பிள்ளையும் அறிந்த கதை. வழக்காடும் வித்தை அந்த நாகங்களோடு ஊரை விட்டுப் போய்விடவில்லை என்பதை மட்டும், என் காரின் முன் சக்கரங்களுக்குப் புதுப் பிரேக் பேடும் புது டிஸ்க்கும் மாற்றிய பிறகுதான் நான் அறிந்துகொண்டேன்.

பழைய பேடு தகடு தெரியத் தேய்ந்து, டிஸ்க்கிலும் கிராமபோன் தட்டைப் போல வரி வரியாக விழுந்திருந்தபடியால், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டு நிம்மதியாக உறங்கினேன். மறுநாள் காலை பூச்சந்தைக்குப் போகிற வழியில், மல்லிகைக் கூடையோடு குறுக்கே வந்த ஓர் அம்மாளுக்காக மெல்லப் பிரேக்கை மிதித்தேன். காருகுறிச்சியாரின் நாயனம் கேட்டு வளர்ந்த இந்தச் சீமையில் அப்படியோர் அபஸ்வரத்தை அதற்கு முன் எவரும் எழுப்பியிருக்க மாட்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. வேகமாகப் போகையில் மௌன விரதம். ரதவீதியில் ஊர்ந்து, நாலு பேர் பார்க்க நிற்கும் தறுவாயில்தான் வாயைத் திறக்கும். அதுவும் காலைக் குளிர்ச்சியில்தான். ஒர்க் ஷாப் போய்ச் சேர்வதற்குள் பிரேக் சூடேறி, மெக்கானிக் தம்பி உட்கார்ந்ததும், இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பைப் போல அடங்கிவிடும். "சத்தமே இல்லையே அண்ணாச்சி" என்று சொல்லி, அவர் காரை விட்டுவிட்டு என் காதுகளைப் பரிதாபத்தோடு பார்ப்பார்.

இதற்குள் எங்கள் தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. இரும்புத் தூள் மிகுதியாகக் கலந்த பேடு கத்தத்தான் செய்யும் என்பது எதிர்வீட்டு வாத்தியாரின் சித்தாந்தம். துருப் பிடிக்காதிருக்கத் தொழிற்சாலையில் டிஸ்க்கின் மேல் பூசி அனுப்பும் எண்ணெயைத் துடைக்காமலே மாட்டிவிட்டார்கள் என்பது டீக்கடை அண்ணாச்சியின் கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு என்பதுதான் இதில் உள்ள உபத்திரவம். என் மாமியாரோ எந்தக் கட்சியிலும் சேராமல், கோவில் உண்டியலில் பாம்பும் தேளும் பொறித்த தகடு வாங்கிப் போடுகிறார்களே, கார் பொறித்த தகடு கிடைக்குமா என்று விசாரித்து வரப் புறப்பட்டுவிட்டாள்.

லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோது, டிஸ்க்கைக் கவ்வுவதற்குச் செம்பை வைத்தாராம். அது போட்ட கூச்சலைக் கேட்டவர்கள் நொந்துபோக, ஐந்து வருஷம் கழித்து ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் கல்நார் வைத்து அதன் வாயை அடைத்தாராம். இதைப் படித்தபோது, என் கஷ்டத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பாரம்பரியம் இருக்கிறதே என்று சற்றே கர்வம் கூட உண்டாயிற்று.

"பேடு செட்டாகணும் அண்ணாச்சி, அறுபதில் போய், பதினைந்துக்குக் குறைத்து, நிற்காமல் பத்துத் தடவை செய்யுங்க" என்றார் மெக்கானிக். செய்ய வேண்டிய காரியந்தான். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிவதற்கு அது அவசியம். ஆனால் தேவர்குளம் சாலையில், பின்னால் ஒரு பேருந்து வர, காரணமில்லாமல் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக ஒரு மனிதன் போனால் என்ன ஆகும்? பேருந்து ஓட்டுநர் ஒதுங்கி வந்து, என் பெற்றோரைப் பற்றி உரத்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார். சத்தம் அரை சுருதி இறங்கிற்று, அவ்வளவுதான்.

முடிவில், விசைத்தறிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்த பெரியவர் ஒருவர், ஒரு நாள் விடியற்காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ரதவீதியை ஒரு சுற்று வந்தார். "உரசாம பிரேக் எப்படி ஓய் பிடிக்கும்? உரசுறது குத்தமில்ல, ஆடுறதுதான் குத்தம். பேடை எது பிடிச்சு வச்சிருக்குன்னு பாரும்" என்றார். பிடில் வில் நரம்பைப் பற்றுவதும் நழுவுவதுமாக நாதம் பிறப்பிக்கிறதல்லவா? பேடும் டிஸ்க்கும் செய்வது அதுவே. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடுங்கினால் கீச்சிடுகிறது. ஆகையால் குற்றம் பேடிலும் இல்லை, டிஸ்க்கிலும் இல்லை. இரண்டின் சேர்க்கையில் இருக்கிறது. சங்கரநாராயணர் என்றைக்கோ சொல்லிவிட்ட தீர்ப்பு!

சக்கரத்தைக் கழற்றினோம். பேடின் இரு காதுகளும் உட்காருகிற இடத்தில், துருவேறி நெளிந்த பழைய கிளிப்புகளையே திரும்ப மாட்டியிருந்தார்கள். பேடின் முதுகில் கிரீஸ் பேருக்குக்கூட இல்லை. (முதுகில்தான் தடவ வேண்டும், ஐயா, முகத்தில் தடவினால் சத்தம் வராது, நாமும் வீடு வந்து சேர மாட்டோம்.) புதுக் கிளிப்புக்குக் கோவில்பட்டிக்கு ஆள் அனுப்புவதா, திருநெல்வேலிக்கு அனுப்புவதா என்று யோசித்துக்கொண்டே, ரசீதைத் தேடி டிக்கியைத் திறந்து, பேடு வந்த அட்டைப் பெட்டியை எடுத்தேன். உள்ளே ஏதோ கலகலத்தது. கவிழ்த்தேன். புதுக் கிளிப்புகளும், ஒரு சிறு கிரீஸ் பாக்கெட்டும், பிரிக்காத உறைக்குள்ளிருந்து என் உள்ளங்கையில் விழுந்தன. இருபத்திரண்டு நாட்கள் அவை என்னோடுதான் பிரயாணம் செய்திருக்கின்றன, தேவர்குளத்துக்கும் வந்திருக்கின்றன.

மாட்டுவதற்கு அரை மணி நேரம் பிடித்தது. மறுநாள் விடியற்காலையில் ரதவீதியில் நின்றேன்; ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்பர்களே, பேடு மாற்றினால் அந்த அட்டைப் பெட்டியை அங்கேயே, மெக்கானிக்கின் கண் முன்பாகவே, ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்.