எட்டு வீடும் எட்டாத வீடும்

அனுப்புநர்: கூட்டேரிப்பட்டில் எழும்பப்போகும் ஒரு லாஃப்ட் வீட்டின் உரிமையாளர்.

பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம், எழும்பூர், சென்னை.

பொருள்: 2016ஆம் ஆண்டுக் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தால் எனக்கு ஏற்பட்டுள்ள மன உளைச்சல் தொடர்பாக.

ஐயா,

திண்டிவனம் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். மல்லாட்டை மூட்டை வந்து இறங்கினால் ஒரு பிடி அள்ளி, உடைத்து, பருப்பை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் விலையே சொல்வார்கள். சொத்தை உண்டா, கல் கலந்திருக்கிறதா என்று மூட்டையின் அடிவரைக்கும் குத்தூசி போகும். அந்தக் கூட்டத்தில் பழகிய கையால்தான், ஒரு வண்ணப் படத்தைப் பார்த்துப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். ஆகவே இது புகார் மனு அல்ல. புகார் கொடுக்க எனக்கு முகம் இல்லை. உங்கள் சட்டத்தைத் தெரியாத்தனமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். அதிலிருந்து தூக்கம் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு விளம்பரப் பலகையில் ஆரம்பித்தது. நெடுஞ்சாலையிலிருந்து மயிலம் ரோடு பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 'சென்னைக்கு மிக அருகில்' என்று நின்றது. சென்னை எங்களுக்குச் சுமார் 135 கிலோமீட்டர். அன்போடு பார்த்தால் அருகில்தான். அதற்குக் கீழே 'லாஃப்ட் அபார்ட்மென்ட்' என்று எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் லாஃப்ட் என்றால் சமையலறைச் சுவரில் கதவுக்கு மேலே நீட்டியிருக்கும் கான்கிரீட் பலகை. பித்தளை அண்டா, பழைய டிரங்குப் பெட்டி, கைப்பிடி உடைந்த குடை எல்லாம் அங்கேதான் இருக்கும். அந்தக் காலத்தில் பரண் என்றோம். என் மனைவி படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, பரணுக்கா இவ்வளவு காசு?" கம்பெனி அனுப்பிய பையன் பொறுமையாக விளக்கினான். கூரை இரண்டு ஆள் உயரமாம். பாதி உயரத்தில் ஒரு தளமாம். அங்கேதான் கட்டிலாம். "நியூயார்க் ஸ்டைல் மேடம்!" மூட்டு வலிக்காரியான அவள் அதோடு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் போகவில்லை.

நியூயார்க் கதையையும் பிறகு விசாரித்தேன். அங்கே சோஹோ என்ற பகுதியில் தொழிற்சாலைகள் காலியாகிக் கிடந்தன. வாடகை கொடுக்க வழியில்லாத ஓவியர்களும் சிற்பிகளும் 1960களில் அவற்றுக்குள் புகுந்து குடியிருந்தார்கள். அப்படிக் குடியிருப்பவர்களைக் காப்பாற்ற 1982இல்தான் அந்த மாநிலம் தனிச் சட்டம் போட்டது. அதாவது கட்டடம் முதலில் வந்தது, பிறகு மனிதர்கள், கடைசியில் சட்டம். நாம் முன்னேறியவர்கள். சட்டத்தை 2016இலேயே கொண்டுவந்துவிட்டோம், பணத்தோடு மனிதர்களும் வந்தாயிற்று. கட்டடம்தான் பாக்கி.

இனி என் மன உளைச்சலுக்கு வருகிறேன். உங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. நான் கொடுத்தது 40 சதவீதம். ஒப்பந்தம் அடுத்த முகூர்த்தத்தில் என்றார்கள். முகூர்த்த நாளுக்குக் கூட்டேரிப்பட்டில் என்ன பஞ்சம்? மயிலம் மலைக் கோயிலில் முகூர்த்தம் தவறாமல் கல்யாணம் நடக்கிறது. எங்கள் ஒப்பந்தத்துக்கு மட்டும் நாள் கூடிவரவில்லை. வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்தின் வேலைக்கும் நிலத்துக்கும் மட்டும் எடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் படித்திராத வரைக்கும், கம்பெனிக்காரர் புதுக் காரில் வந்து இறங்கும்போது நம் ஊருக்கும் ஒரு பெரிய மனுஷன் வந்தான் என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தக் காரைப் பார்த்தால் அதில் என் குளியலறை எந்தப் பக்கம் இருக்கும் என்றுதான் யோசிக்கத் தோன்றுகிறது.

உங்கள் குழுமத்தின் பதிவு எண் எங்கே என்று ஒரு நாள் அந்தப் பையனிடம் கேட்டேன். "சார், அதெல்லாம் பெரிய ப்ராஜெக்டுக்கு. நம்முது எட்டே வீடு" என்றான். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடு எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு வேண்டாம் என்று 3ஆம் பிரிவில் இருப்பது உண்மைதான். ஆனால் பக்கத்துத் துண்டில் இன்னொரு எட்டு வீடு. அதற்கும் அந்தப் பக்கம் மறுபடி எட்டு. மூன்றுக்கும் ஒரே கேட், ஒரே போர்வெல், ஒரே காவல்காரத் தாத்தா. எத்தனை கட்டமாகக் கட்டினாலும் எல்லாக் கட்டத்தையும் சேர்த்துத்தான் எட்டு என்று உங்கள் சட்டத்தை எழுதியவர் முன்யோசனையாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவருடைய அறிவை மெச்சுகிறேன். ஆனால் எங்கள் கம்பெனிக்காரர் கட்டம் கட்டமாகப் பிரிக்கவில்லையே, மச்சான் மச்சானாக அல்லவா பிரித்திருக்கிறார்! முதல் எட்டு அவர் பேரில், இரண்டாம் எட்டு பெரிய மச்சான் பேரில், மூன்றாம் எட்டு சின்ன மச்சான் பேரில். எட்டு எட்டாக இருபத்து நான்கு வீடு. எங்களுக்கு ஒன்றும் எட்டவில்லை.

வேலை எந்த அளவில் நிற்கிறது என்று கேட்பீர்கள். தூண்கள் எழும்பியிருக்கின்றன. கம்பி துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கிறது. என் வரவேற்பறையில் ஒரு வேப்பங்கன்று இடுப்பளவு வளர்ந்துவிட்டது. ஆடுகள் வருகின்றன. காவல்காரத் தாத்தா என் பால்கனி வரவேண்டிய இடத்தில் வேட்டி காயப்போடுகிறார். நல்ல காற்று என்கிறார்.

சாவி தருவதாகச் சொன்னது 2023 பங்குனியில். ஏன் தாமதம் என்று இப்போது கேட்டால் "ஃபெஞ்சல் புயல் சார்" என்கிறார்கள். அந்தப் புயலை நாங்கள் மறக்கமாட்டோம். மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயல், வெள்ளம் போன்றவற்றுக்கு அவகாசம் நீட்டிக்கலாம் என்று 6ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் புயல் வந்தது 2024 நவம்பர் கடைசியில். ஒன்றரை வருஷத்துக்கு முன்பே அதை மோப்பம் பிடித்து வேலையை நிறுத்திய ஒருவரை நீங்கள் விசாரிப்பதைவிட வானிலை ஆய்வு மையத்துக்கு அனுப்பிவைப்பது நாட்டுக்கு நல்லது.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். அந்த எட்டையும் ஐந்நூறையும் மாநில அரசு விரும்பினால் இன்னும் குறைத்துக்கொள்ளலாம் என்று அதே 3ஆம் பிரிவில் இருக்கிறது. எட்டு, இரண்டாகலாம், ஒன்றும் ஆகலாம். அப்படி யாராவது கோப்பு தயார் செய்தால் தயவுசெய்து மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். எங்கள் கம்பெனிக்காரருக்கு இன்னும் இரண்டு மச்சான்கள் மீதம் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வருங்கால வீட்டு உரிமையாளர்.

குறிப்பு: பதிலை என் வாடகை வீட்டு விலாசத்துக்கே அனுப்பவும்.